கார்த்திகையில் எழுதிய மார்கழிச் செய்திகள்

போன வாரம் சங்கீதா எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தாள். நான் இருபத்தோரு வருடம் வேலை பார்த்த லாரி கம்பெனியில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். வாட்ஸப்பில் வந்த அந்தப் படத்தில் மாலை போட்ட ஒரு லாரி, அதற்குப் பின்னால் வாணவேடிக்கை, ஓரத்தில் முதலாளியின் சிரித்த முகம். கீழே, "நம் குடும்பத்தின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் இதயம் கனிந்த புத்தாண்டு வாழ்த்துகள்" என்று இருந்தது. முகத்தைவிட லாரி தெளிவாக விழுந்திருந்தது.

கூடவே ஒரு குரல் பதிவு. "அக்கா, இந்தத் தடவ ஸ்டாஃப் நியூசும் சேத்துப் போடணும்ங்காரு. அந்தக் காலத்து வாழ்த்துக் கடுதாசியெல்லாம் நீங்கதான் எழுதுவீகளாமே? எப்பிடி எழுதுவீக? ரெண்டு வரி சொல்லுங்க, அப்பிடியே போட்டுர்றேன்."

நான் பதில் பேசி அனுப்பவில்லை. ஃபோனில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று வளர்ந்த தறிக்காரக் குடும்பம் எங்களுடையது. நான் இரண்டு மொழியிலும் சமமாகப் பேசாமல் இருந்தவள். எழுத மட்டும் கொஞ்சம் வரும். அந்த இரண்டு வரியை எப்படி எழுதுவோம் என்பதை இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்யாணமாகி, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தேன். அருப்புக்கோட்டைக்கு வெளியே தகரக் கூரை போட்ட லாரி செட்டு, அதன் முன்னால் இரண்டு அறை ஆபீஸ். முதல் மூன்று வருடத்தில் லோடு புக்கிங் எழுதுவது, வெளியூர் போகும் வண்டிக்கு யார், எங்கே என்று டிரிப் ஷீட் போடுவது, செட்டில் நிற்கும் வண்டியை "கெளம்பிருச்சு சார்" என்று ஃபோனில் சொல்வது, இவ்வளவையும் கற்றுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதைக் கற்கத்தான் நாள் பிடித்தது. நான்காம் வருடம் முதலாளி என் கையெழுத்தைக் கவனித்தார். அன்றிலிருந்து வருடக் கடைசிக் கடிதம் என் தலையில் விழுந்தது.

வழவழப்பான தாள், அறுநூறு பிரதி. நூல் மில்லுக்காரர்கள், வத்தல் கமிஷன் கடைகள், கரி வியாபாரிகள், லாரி புரோக்கர்கள், எங்கள் ஆட்களின் வீடுகள் என்று எல்லா இடத்துக்கும் தபாலில் போகும். ஒரு பக்கம் வாழ்த்து. மறுபக்கம் 'நம் குடும்பச் செய்திகள்'. கல்யாணம், காதுகுத்து, பிள்ளைப்பேறு, ஓய்வு, இறப்பு எல்லாம் அதில் வரும். ஒரு வருடம் ஓட்டுநர் ஒருவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அதற்கு அரை வரி. அதே பக்கத்தில் பதினான்கு சக்கர வண்டி வாங்கியதற்கு ஐந்து வரி, படத்தோடு. குழந்தைகளின் பெயர் வரவில்லை. வண்டியின் நம்பர் வந்தது.

முதலாளி சத்தம் போடுகிறவர் அல்ல. மெதுவாகத்தான் பேசுவார். சத்தம் போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொல்லலாம். மெதுவாகப் பேசுகிறவரிடம் அதற்கும் வழியில்லை. நான் எழுதியதை மேசையில் விரித்து, பச்சை மைப் பேனாவைத் திறந்து, வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார். பச்சை மை பெரிய அதிகாரிகள் போடுவது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"வாழ்த்துல சங்கடமான வார்த்த எதுக்கும்மா?" என்பார். உடனே 'விபத்து' அடிபட்டு 'சிறு தடங்கல்' ஆகும். 'வேலையிலிருந்து நின்றார்' என்பது 'சொந்தத் தொழில் தொடங்கினார்' ஆகும். டயர் கிழிந்த சண்டையில் சாவியை வீசிவிட்டுப் போன ஓட்டுநர் ஒருவர், ஊரில் நாலு ஆட்டை வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார். 'கால்நடைத் துறையில் சிறந்து விளங்குகிறார்' என்று பச்சை மையில் வந்தது. அதைப் படித்துவிட்டு அந்த ஆள் ஆபீசுக்கே வந்து, "எக்கா, தொறைக்கு மந்திரி யாரு, நானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம்கூடப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். எல்லாக் கம்பெனியிலும் வாழ்த்தில் பொய் இருக்கும். எங்கள் கம்பெனிக்கு மட்டும் சொந்தமான வழக்கம் ஒன்று உண்டு. நடப்பதற்கு முன்பே எழுதுவது.

சிவகாசி அச்சகத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் காலண்டர் வேலை நெருக்கும். எங்கள் அறுநூறு பிரதியை யாரும் சீந்த மாட்டார்கள். ஆகவே கார்த்திகை பிறக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் கடிதம் போய்ச் சேருவது வருடக் கடைசியில். அதுவரை நடக்கப்போவதை எல்லாம் நடந்து முடிந்ததாக எழுதினால்தான் பக்கம் நிறையும். மாப்பிள்ளை வீட்டில் முகூர்த்தக்கால் ஊன்றியிருக்க மாட்டார்கள். நான் 'இனிதே நடந்தேறியது' என்று எழுதியிருப்பேன். ஒரு தடவை, நடந்தேறிய அந்தக் கல்யாணம் கடைசி நேரத்தில் நின்று போனது. கடிதமோ இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. நான் அழாத குறையாக முதலாளி முன்னால் நின்றேன். "வேற எடத்துல நடந்துரும்மா, என்ன இப்ப?" என்றார்.

எழுதிய தாளின் அடியில் முதலாளி பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போடுவார். முன்பு ஒருமுறை அச்சகத்தில் அவர் இனிஷியலை மாற்றிவிட்டார்கள். தப்பு யாருடையது என்று காட்ட அந்தத் தாள் வேண்டும் என்பது அவர் கணக்கு. கட்டோடு அதுவும் திரும்பி வரும். நான் ஃபைலில் வைப்பேன்.

இப்போது முத்திருளாண்டி அண்ணனைப் பற்றி. பரளச்சிக்காரர். எங்கள் கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு டயரையும் ஸ்பானரால் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். "இதுக்குச் சளி புடிச்சிருக்கு" என்று ஒரு டயரை ஒதுக்கினால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த வருடம் டிசம்பர் முப்பத்தோராம் தேதியோடு அவரை நிறுத்திக்கொள்வதாக முடிவாகியிருந்தது. கார்த்திகையில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏந்தாயி, என்னயப் பத்தி என்ன எழுதிருக்க?"

படித்துக் காட்டினேன். 'நமது மூத்த ஓட்டுநர் திரு. முத்திருளாண்டி, இருபத்தாறு ஆண்டுகள் ஒரு விபத்தும் இல்லாமல் பணியாற்றி இம்மாதம் ஓய்வு பெற்றார். அவருக்கு விழா எடுத்து வழியனுப்பினோம்.'

"விழா எடுத்துட்டாகளா? எனக்குத் தெரியாமப் போச்சே. சாப்பாடு என்ன போட்டாக?"

"அது எழுதலண்ணே."

"கறிச்சோறுன்னு எழுதிரு தாயி. எழுதிட்டாப் போட்டுத்தான ஆகணும்?"

நானும் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த வரிகளைப் படித்துவிட்டு முதலாளி தன் கையால் ஒரு வாக்கியம் சேர்த்தார்: 'அவர் பரளச்சியில் தம் குடும்பத்தாருடன் மகிழ்ச்சியாக ஓய்வுக்காலத்தைக் கழித்து வருகிறார்.' கையெழுத்து, தேதி. அச்சகத்துக்குப் போனது. மார்கழி பிறந்த அன்று அறுநூறு கடிதத்தையும் தபாலில் சேர்த்தோம்.

சரியாக நான்காம் நாள் காலை முதலாளி முத்திருளாண்டி அண்ணனைக் கூப்பிட்டு, நரிக்குடியில் கரிமூட்டை ஏற்றி வரச் சொன்னார். செட்டில் அப்போது இருந்தது ஒரே ஒரு வண்டி. அதற்கு எஃப்.சி., அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று அரசாங்கம் தரும் சான்று, முடிந்து போயிருந்தது. அண்ணன் அதைச் சொன்னார்.

"எஃப்.சி. முடிஞ்சு பத்து நாளாச்சு மொதலாளி. ரோட்டுல நிப்பாட்டிக் கேட்டா என்ன சொல்ல?"

"இந்தா இருக்கு நரிக்குடி. யாரு கேக்கப் போறா? பையப் போயிட்டு வந்துரு."

என் மேசைக்கும் அவர்களுக்கும் நடுவில் நாலடி தூரம்தான். உள்ளூர் லோடுக்கு டிரிப் ஷீட் போடும் பழக்கம் இல்லை. சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்.

மதியம் தகவல் வந்தது. லோடு ஏற்றித் திரும்பும்போது, திருச்சுழிக்கு முன்னால், கருவேலங்காட்டுப் பாதையிலிருந்து ஒரு பைக் திடீரென்று குறுக்கே ஏறியிருக்கிறது. அண்ணன் வண்டியை ஒடித்துத் திருப்பியதில் அது கண்மாய்க் கரையில் சரிந்து கவிழ்ந்துவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கையில் சிராய்ப்பு. அண்ணனுக்கு இடதுகால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் ஃபோன் கண்மாய்க்குள் போனது. தண்ணீர் முழுக்கக் கரி மிதந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"வண்டிக்கு என்னாச்சு?" என்பதுதான் முதலாளி கேட்ட முதல் கேள்வி. பிறகு பீரோவைத் திறந்து, மீந்துபோன வாழ்த்துக் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வாழ்த்துச் சொல்லப் போகிற நேரமா இது என்று நான் முட்டாள்தனமாக யோசித்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்து, டீயும் வடையும் வாங்கி வரச் சொன்னார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, எப்போதும் போல மெதுவாகச் சொன்னார்.

"முத்திருளாண்டி ரிட்டயர்டு ஆகிப் போனவரு. நாம ஊருக்கே தபால் போட்டுச் சொல்லியாச்சு. பழக்கதோசத்துல வந்து சாவிய எடுத்துட்டுப் போயிருக்காரு. பாவம், வயசாச்சுல்ல."

எஃப்.சி. இல்லாத வண்டியைக் கம்பெனி அனுப்பியது என்றால் கம்பெனி மேல் வழக்கு. ஓய்வு பெற்ற ஆள் சொல்லாமல் எடுத்துப் போனார் என்றால் எல்லாம் அந்த ஆள் தலையில். இருபத்தாறு வருடம் ஓட்டியவர் வண்டித் திருடன் ஆவார். லைசென்சும் போகும், ஜெயிலும் வரலாம். அதற்குச் சாட்சி நான் எழுதிய நான்கு வரி. புத்தாண்டு வாழ்த்தில் ஒரு கம்பெனி அறுநூறு பேருக்குப் பொய் அச்சடித்து அனுப்பும் என்று எந்த சப்-இன்ஸ்பெக்டருக்குத் தோன்றும்?

நான் என்ன செய்தேன் என்றால், புக்கிங் எழுதினேன். அன்று எழுதினேன், மறுநாளும் எழுதினேன். முதலாளியை இவ்வளவு ஏளனமாக எழுதுகிற நான் அந்த இரண்டு நாளையும் மறைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முத்திருளாண்டி அண்ணனின் மனைவி பாண்டியம்மாள் என் வீட்டை விசாரித்து வந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே மடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. எம்மக படிச்சுச் சொன்னா. இது நீ எழுதுனதுதான?"

"ஆமாக்கா."

"அவுக பரளச்சியில சந்தோசமா இருக்காகன்னு எழுதிருக்கியாம். கவருமெண்டு ஆஸ்பத்திரியில காலத் தூக்கிக் கட்டிப் போட்டுருக்காக. வாசல்ல போலீசு உக்காந்துருக்கு. நீ எந்தப் பரளச்சியில பாத்த?"

 தெருவில் இரண்டு வீட்டு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"ஒன்னத் தாயி தாயின்னுதான சொல்லுவாக. ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு இப்பவும் என்ன சொல்லுறாக தெரியுமா? 'அந்தப் பிள்ள மேல கோவப்படாத, அது சொன்னத எழுதுற பிள்ள'ங்காக. எனக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கெடையாது. சொன்னத எழுதுனியே, இப்ப எழுதுனதச் சொல்லு."

அவர் போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் ஃபைலிலிருந்து என் கையெழுத்துத் தாளை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு வேப்ப மரம். அதன் அடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு பெண் போலீஸ் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் வெளியே வந்தார்.

"என்னம்மா, நகை காணாமப் போச்சா?"

"இல்ல."

"வீட்டுக்காரரு அடிக்காரா?"

"இல்லங்க. அவுக பாவம்."

"பெறகு எதுக்கு இங்கன நிக்க?"

தாளை நீட்டினேன். "இத நாந்தான் எழுதுனேன்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஏதோ கடன்காரி சாகப்போவதாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

சப்-இன்ஸ்பெக்டர் அச்சடித்த கடிதத்தையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். தேதியைப் பார்த்தார். மறுபடி படித்தார். முதலாளிக்கு ஃபோன் போட்டார். ஒரு மணி நேரத்தில் முதலாளி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதில் அவர் கெட்டிக்காரர்.

"இந்தப் பச்ச மை உங்க கையெழுத்துதானே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார்."

"கார்த்திகையில கையெழுத்துப் போட்டுருக்கீங்க. மார்கழியில ரிட்டயர்டு ஆகி, விழாவும் முடிஞ்சு, ஊருல சந்தோசமா இருக்காருன்னு அப்பவே எழுதிட்டீங்க. லாரித் தொழிலோட சோசியமும் பாக்கீங்களா?"

"அய்யய்யோ, அது எங்க வழக்கம் சார்" என்று முதலாளி சிரித்தார். "சிவகாசியில லேட்டாயிரும். அதனால முன்கூட்டியே எழுதிக் குடுத்துர்றது. எல்லாமே அப்பிடித்தான். கல்யாணம் காச்சி எல்லாம் நடக்கிறதுக்கு முந்தியே எழுதிருவோம்."

"அப்ப இதுல எழுதியிருக்கிறது அப்ப நடக்கல."

"நடக்கல சார். நடக்கப்போறது."

"ரிட்டயர்டு என்னைக்கு?"

"முப்பத்தொண்ணாந் தேதி" என்று சொல்லிவிட்டுத்தான் முதலாளி நிறுத்தினார்.

சப்-இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு இருபத்திரண்டு.

"அப்ப, வண்டி கவுந்த அன்னைக்கு அவரு உங்க டிரைவருதான். சொல்லுங்க, கரி ஏத்த யாரு அனுப்புனா?"

அதன் பிறகு அவர் என்னிடம் திரும்பினார். அன்று காலை செட்டில் என்ன பேசினார்கள் என்று கேட்டார். சொன்னேன். சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். சத்தம் எழும்பவில்லை. இரண்டு தடவை "கேக்கலம்மா" என்றார், மூன்றாம் தடவை கேட்டது.

வண்டி கம்பெனி வேலையாகத்தான் போனது என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ் அன்றே எழுந்து போனது. படியிறங்கும்போது முதலாளி எனக்குப் பக்கத்தில் வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா, நம்ம குடும்பத்துக்குள்ளயே முடிச்சிருக்கலாமேம்மா" என்றார். கோபமே இல்லை. அந்தக் 'குடும்பம்' என்ற சொல்லை எத்தனை வருடம் என் கையால் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அது வாயிலிருந்து வருவதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வழக்கில் நான் சாட்சி, நிறுத்தினால் சங்கடம். மேலும் நான்கு வருடம் அங்கேயே இருந்தேன். கடிதம் எழுதும் வேலை என்னிடம் வரவில்லை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, சங்கீதா வந்தாள், நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தை மாதம் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கடை வீதியில் முதலாளியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "டிரைவருக்கு விழா எடுத்தீகளாமே, எங்களக் கூப்புடல?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டேஷன் கதை பரவியிருந்தது. கேட்டவர்கள் தெரிந்துதான் கேட்டார்கள். அவருக்கு ஒரு படமாவது வேண்டியிருந்தது. ஒரு பொன்னாடை, பழத்தட்டு, ஃபோட்டோக்காரர் என்று ஏற்பாடு செய்துகொண்டு பரளச்சிக்குக் காரில் கிளம்பினார். "நீயும் வாம்மா, நீதான எல்லாம் எழுதுறவ" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

முத்திருளாண்டி அண்ணன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கால் முன்னால் ஒரு முக்காலியில் நீட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வந்து நின்றது. பாண்டியம்மாள் என்னைப் பார்த்து, "வா, உக்காரு" என்று ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். முதலாளிக்குக் கொடுக்கவில்லை.

முதலாளி பொன்னாடையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நின்னீகன்னா படம் நல்லா விழும்" என்றார் ஃபோட்டோக்காரர்.

"நிக்கதுக்குக் காலு வேணும்லய்யா" என்றார் அண்ணன். பிறகு முதலாளியைப் பார்த்து, மரியாதையாகவே சொன்னார். "நான் உக்காந்தே இருக்கேன் மொதலாளி. நீங்க குனிஞ்சு போடுங்க."

முதலாளி ஒரு தடவை காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்தார். நீட்டியிருந்த கால் குறுக்கே இருந்ததால் பக்கத்தில் போக முடியவில்லை. தூரத்தில் நின்றபடியே இடுப்பை நன்றாக வளைத்துக் கையை எட்ட வேண்டியிருந்தது.

"சார், முதுகுதான் தெரியுது" என்றார் ஃபோட்டோக்காரர். "இன்னுங் கொஞ்சம் குனிங்க. இன்னும். அப்பிடியே இருங்க."

முத்திருளாண்டி அண்ணன் கேமராவைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவசரமில்லய்யா," என்றார். "ஒண்ணுக்கு நாலா எடுங்க."